குடத்தில் தெரிகிறவள்

தாமரைச்செல்விக்கு,

இங்கே நான் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா?

நீ கேட்ட கேமராவுக்காக மஸ்கட்டில் ஒரு கடைக்குப் போனேன். வாட்ஸாப்பில் விற்க நீ எடுத்த எவர்சில்வர் குடத்தின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் மேலூர்க்காரர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். குடத்தின் வயிற்றில் நைட்டியும் போனுமாக நீ நின்றாய்.

"எம்புட்டு வெல குடுத்து கேமரா வாங்குனாலும் அண்ணி தெரியத்தாண்ணே செய்வாங்க. போனே போதும். குடத்தச் சுத்தி வெள்ளத்துணி கட்டி, துணில ஒரு ஓட்ட போட்டு அது வழியா எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அதனால் கேமரா வாங்கவில்லை. சமயநல்லூரிலேயே துணி எடுத்துக்கொள். போன் ஆடாமலிருக்க ஸ்டாண்டு அனுப்புகிறேன்.

துணி கட்டுமுன் பெரிய குடத்தை மட்டும் ஒருமுறை படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்தப் படத்தை விற்பனைக்குப் போடாதே. கொஞ்சம் கிட்டே நின்று எடு.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

ராம்கி