ஒன்பதாம் நிலை உன் வாசலில்

அன்பு மகன் சவேரியோவுக்கு,

சிலுவை சுமந்த ஆண்டவர் அந்தக் குளிர் தேசத்திலும் உன் தோளோடு தோளாக நடப்பாராக. நாங்கள் இருவரும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சு அறுவை சிகிச்சை உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த வாரம் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார், அதுவரை மேடு ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது. மேடு ஏறுவதை மட்டும் விட்டிருக்கிறார்.

இங்கே ஒரு பெரிய காரியம் நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு லிபோரியோ சாமியார், மூன்று ஊருக்கு நான் ஒருவன், இந்தத் தவக்காலம் வெள்ளிக்கிழமைகளில் இங்கே சிலுவைப்பாதை கிடையாது, கோயில் பூட்டித்தான் இருக்கும், கீழூருக்கு வந்துவிடுங்கள் என்றார். சாயங்காலம் கீழூருக்கு ஏது பஸ்? எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சாமி, சிலுவைப்பாதைக்குக் குருப்பட்டம் வேணுமா, கால் இருந்தா போதாதா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்து, கால் இருந்தா நடத்துங்க பிலோமினா, நான் தடுக்கல என்றார். எனக்கு அது போதும். கோயிலைப் பூட்டினால் தெருவைப் பூட்ட முடியுமா? ஆண்டவர் சிலுவை சுமந்து போன பாதைக்குப் பதினான்கு நிலை, நம் தெருவில் வாசலுக்கு ஒன்றாகப் பதினான்கு வாசல், அந்தந்த வீட்டார் விளக்கு வைத்து ஜெபம் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்து வீடு வீடாகப் போனேன்.

போன பிறகுதான் நம் சனங்களின் லட்சணம் தெரிந்தது. முகம் துடைத்த வெரோணிக்கா எல்லோருக்கும் வேண்டும், சிலுவைக்குத் தோள் கொடுத்த சீமோனுக்கும் அடிதடி. ஆனால் ஆண்டவர் விழுகிற மூன்று நிலையும் யாருக்கும் வேண்டாம், சாகிற பன்னிரண்டாம் நிலை வேண்டவே வேண்டாம். எதிர்வீட்டு இம்மகொலாத்தா முகத்துக்கு நேரே சொன்னாள், எங்க வாசல்ல ஆண்டவரு விழுந்தா இந்த வருஷம் எங்க வீட்டுல யாரு விழுவாங்களோ, நான் மாட்டேன்க்கா. சரி, சாகிற நிலையை நான் எடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அப்பாவின் நெஞ்சை நினைத்ததும் எனக்கே நாக்கு எழவில்லை. அப்போது நம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். முகம் துடைக்க இத்தனை பொம்பளைங்க வரிசையில நிக்கிறீங்க, அவரு சாகும்போது பக்கத்துல நிக்க ஒரு நாதி இல்லையா? பன்னெண்டாவது நம்ம வாசல்ல இருக்கட்டும் பிலோமி. அவரு மலை ஏறித்தான் செத்தாரு. என்னால இப்ப ஏற முடியாது, அவரே இறங்கி வரட்டும். கோபப்படக் கூடாது என்று நான் அதட்டவில்லை, சவேரியோ. அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் இம்மகொலாத்தா ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சூப்போடு வந்து, மொத தடவை விழறத எனக்குக் குடுங்கக்கா, மாமா முன்னாடி என் மானம் போச்சு என்றாள். இரண்டாம் விழுகையை ரொட்டிக்கடை ஜெசுவால்தோ எடுத்துக்கொண்டான்.

மிச்சம் மூன்றாம் விழுகை, ஒன்பதாம் நிலை. மிச்சமிருந்த வாசலும் ஒன்றுதான், உன் கல்யாணத்துக்கென்று கட்டிப் பூட்டி வைத்திருக்கிற வீட்டு வாசல். யாரைக் கேட்க? முதல் வெள்ளி அங்கே நானே விளக்கு வைத்து நானே வாசித்துவிட்டு, நம் வாசலுக்கு ஓடினேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இங்க கோயிலும் தெரியல பாஷையும் புரியல, தவக்காலம் எப்படிம்மா என்று போனில் கேட்டாயே, இதோ கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி தொடாதே. அன்று ஆக்குவதைப் பக்கத்து அறைக்காரனோடு பங்கு போட்டுத் தின்னு. நீ வேலை செய்கிற ஆலையில் இடைவேளை விடும்போது போனை அணைத்து வைத்துவிட்டு ஒன்பதாம் நிலையை மட்டும் உன் பாஷையில் சொல்லு. மூன்றாம் தடவை விழுந்தவர் எழுந்தார், அதை நினை. பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. பெரிய வியாழனன்று கோயில் பீடத்தில் வைக்கத் தட்டில் முளைக்க விடுகிற கோதுமையை இந்த வருஷம் உன் வீட்டில்தான் விதைத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டால் பயிர் பச்சையாகிவிடும், வெள்ளையாக வளர வேண்டும், தெருவிலேயே இருட்டான வீடு உன் வீடுதான். கதவை லேசாகத் திறந்து தடவித் தடவித் தண்ணீர் தெளித்துவிட்டு வருகிறேன், முளை விட்டிருப்பது விரலில் தெரிகிறது. ஆனால் முளைத்த வீட்டுப் பிள்ளைதான் தட்டைக் கோயிலுக்குத் தூக்கி வர வேண்டும், வழக்கம் உனக்குத் தெரியும். தண்ணீர் நான் ஊற்றுவேன், தட்டை நான் தூக்க மாட்டேன். பெரிய வெள்ளியன்று ஒன்பதாம் வாசலிலும் நான் நிற்க மாட்டேன், அன்று என் இடம் அப்பா பக்கத்தில்.

வியாகுல மாதா உன் வழிப்பயணத்துக்குத் துணையிருப்பாள். லீவு இப்போதே எழுதிக் கொடு, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா.

உன் அம்மா
பிலோமினா