செத்தவன் இருமிய சனிக்கிழமை

தியான்ஜின்,
அக்டோபர் 16, 2005

அன்புள்ள ரூயிங்குக்கு,

நான் சுகம். நீயும் மகளும் பேத்தியும் ஷென்ஜெனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமைப் படம் என்ன ஆயிற்று என்று நேற்று போனில் கேட்டாய். "நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மனுஷன் வாயைத் திறக்க வைப்பதற்குள் உயிர் போகிறது என்று மகளிடம் புலம்பியிருப்பாய். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குப் பதிலாகக் கூடத்தில் திரையைப் பார்த்துப் படம் சொல்ல வந்த தாவ் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு வாரம் படமே இல்லை. மூன்றாவது சனிக்கிழமையும் கூடம் பூட்டிக் கிடந்தால் நடனக் குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று குடியிருப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடுகிறவர்களுக்குப் பூங்கா முழுக்க இடம் இருக்கிறது. பார்வையில்லாத நம் ஆட்களுக்குப் படம் சொல்ல ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? எட்டு வருடமாக நீ கட்டிக் காத்த கூடம் அது. "இந்த வாரம் நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

நல்லவேளை, உன் நீல நோட்டு இருந்தது. படகோட்டிக் கிழவன் படத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்து, யாரும் பேசாத இடமாகத் தேடி, எந்த நிமிடத்தில் எதைச் சொல்வது என்று நீ எழுதி வைத்த நோட்டு. அதைப் பார்த்து வாசித்தால் போதும் என்று நினைத்தேன்.

முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். உன் கழுத்து வலிக்குக் கை வைத்த மசாஜ்காரர் லுவான் வழக்கம்போல முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். அலுவலக அதிகாரியும் வேவு பார்க்கிற மாதிரி வாசலில் நின்றார். அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பக்கத்தைப் புரட்டினேன். "காலியான படகு மட்டும் கரையில் ஒதுங்குகிறது. கிழவன் இல்லை" என்று வாசித்தேன். உடனே படத்தில் கிழவன் லொக்கு லொக்கென்று இருமினான்.

லுவான் கொறிப்பதை நிறுத்தினார். "கெங் அண்ணே, செத்தவன் இருமுறானே, ஆவியா?" என்றார். கூடமே சிரித்தது.

நடந்தது இதுதான். உன் நோட்டின் மேல் டீக் கோப்பையை வைக்காதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாய். வைத்தேன். சிந்தியது. நடுவில் ஆறு பக்கம் ஒட்டிக்கொண்டது தெரியாமல் சேர்த்துப் புரட்டிவிட்டேன். திட்டுவதை நேரில் திட்டிக்கொள். அப்போது பக்கத்தைப் பிரித்தால் கிழிந்து கையோடு வந்தது. வாசலில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உன் எட்டு வருடமும் என் கையால் போகப்போகிறது என்று தோன்றியது.

நோட்டை மூடிவிட்டேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான், கண்ணாடிக்கு வெளியே தெரிவதைப் பார்ப்பதுதானே பிழைப்பு என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். "ஐயாமாரே, அம்மாமாரே, கிழவன் இன்னும் சாகல. தப்பு என்னோடது. இதோ துடுப்பை எடுக்கிறான்" என்று தொடங்கினேன். உன்னைப் போல அழகாக வரவில்லை. இடது பக்கம் பாறை, எதிரே மழை என்று கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போனேன். வெள்ளம் வந்து கிழவனை அடித்துக்கொண்டு போனது, காலிப் படகு கரை ஒதுங்கியது, எல்லாம் சொன்னேன்.

கடைசியில் நாலு நிமிடம் பேச்சே இல்லை. படகோட்டியின் மனைவி சாப்பாட்டு மேஜையில் இரண்டு கிண்ணம் வைக்கிறாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். மறுபடி எடுத்து வந்து அதே இடத்தில் வைக்கிறாள். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மியது, ஒளிப்பானேன். நானும் இந்த மாதம் பல தடவை இரண்டு கிண்ணம் எடுத்திருக்கிறேன்.

விளக்குப் போட்ட பிறகும் கைதட்டல் நிற்கவில்லை, ரூயிங். திரும்பிப் பார்த்தால் அந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ. சனிக்கிழமைக் கூடம் நமக்குத்தான் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை உன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். லுவான் என் தோளைத் தடவிப் பிடித்து, "அடுத்த வாரமும் நீதான் சொல்லணும். ஆனா ரூயிங் டீச்சர் எப்ப வராங்க? நீ இன்னிக்குப் படத்த மட்டும் சொல்லலயே, அண்ணே" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். பேத்தி நியன்நியன் நடக்கிறாள் என்று போனில் சொன்னாய். அவ்வளவுதானா? ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவன் இதைக் கேட்கலாமா என்பாய். கேட்கிறேன். எந்தக் காலை முதலில் வைத்தாள், எதைப் பிடித்துக்கொண்டாள், விழுந்தால் யார் முகத்தைப் பார்க்கிறாள், எல்லாம் எழுது. அவளுக்குக் கை நீட்டிக்கொண்டு நீ எப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்பதையும் எழுது. குழந்தை விழாமல் நடக்கட்டும், நன்றாக இருக்கட்டும். இங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ரூயிங். நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
கெங் பாவ்ஷான்