பாக்கியத்துக்கு வந்த மூன்று சீட்டுகள்

கோபம் வந்தாலும் 'கண்ணு' என்றே என்னைக் கூப்பிட்ட என் நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை பழி வாங்கிவிட்டேன். கல்மண்டபத்தில் வாசகர் வட்டம் கூடுகிற அந்த மாடி ஹாலில், அத்தனை பேர் பார்க்க, வட்டத்தின் தலைவர் கருணாகரன் சாரைத் தலைகுனிய வைத்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இதை மற்றவர்களும் கேட்கப்போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிடையரான நீ, எம்.கே.பி. நகர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி கதை சொல்வாய். நான் போனில் தட்டி, வாரம் ஓர் அத்தியாயமாகக் கதை ஆப்பில் போடுவேன். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஒவ்வொருவராகச் செத்துப்போகிற கதை. அதில் வருகிற பாக்கியத்தை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அவளையும் நீ கொல்லப்போகிறாய் என்று தெரிந்ததும் ஒரே ரகளை. அவளை விட்டுடுங்க என்று கெஞ்சியவர்கள் பாதி, உன்னைத் திட்டியவர்கள் பாதி.

அந்தக் கருத்துகளை நான் படிக்கும்போது நீ சட்டை போட்டுக்கொண்டு உட்காருவாய். "படிக்கிறவங்க நம்ம வூட்டாண்ட வந்துகிறாங்க கண்ணு, வெறும் ஒடம்போட குந்திகினு கேக்கலாமா? படி, எவன் இன்னா எய்திகிறான்?" என்பாய். ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாய். மறைத்திருக்கலாம். எனக்கு அந்த அறிவு இல்லை.

'நேர்மையான வாசகன்' என்று ஒருவன் வாரம் தவறாமல் வருவானே, ஞாபகம் இருக்கிறதா? 'முதலில் உன் பாஷையைக் கழுவிவிட்டு வா' என்று எழுதினான். 'இவள் சீக்கிரம் செத்துத் தொலைந்தால் எங்களுக்கு நிம்மதி' என்று எழுதினான். அவனுக்கும் நீ, "நன்றி ஐயா, பார்த்துக்கிறேன்னு போடு" என்றாய்.

நீ போன பிறகு வாசகர் வட்டத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அதில் கருணாகரன் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேர்மையான வாசகன் என்ற பெயரில் எழுதியது நான்தான். அவரைச் செதுக்கியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இந்த ஆளை விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

எட்டு மாதம் உட்கார்ந்து உன் கதையை ஒரு போன் கேமாகச் செய்தேன். ஆடுகிறவர்தான் பாக்கியம். லாரிகளுக்கு நடுவே நடந்து வீடு போய்ச் சேர வேண்டும். வழியில் முகம் தெரியாத யாரோ அவளுக்குச் சீட்டு எழுதி வைக்கிறார்கள், மூன்று சீட்டு. அவற்றில் இருக்கிற வரிகள் எல்லாம் உனக்கு வந்த கருத்துகள்.

வாசகர் வட்டத்தில் 'கேம் கலையா?' என்று விவாதம் வைத்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். கருணாகரன் சார்தான் தலைவர். "விரலால் தட்டி விளையாடுவது கலை ஆகாது. கலை என்றால் உள்ளே போய் அறுக்க வேண்டும்" என்று பேசினார். நான் போனைப் பெரிய திரையில் இணைத்து, "ஒருமுறை ஆடிப் பாருங்க சார்" என்று கொடுத்தேன்.

நன்றாகத்தான் ஆடினார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்க வாசித்தார். மூன்றாவது, பாக்கியத்தின் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும்: 'கட்டினவளைக் கொன்று கைதட்டு வாங்குகிறவனே, நீ மனுஷனா?' அதை மட்டும் அவர் இரண்டு தடவை படித்தார். "இதையெல்லாம் எழுதியவன் யாரம்மா? ஈரமே இல்லாதவன்" என்றார்.

"நீங்கதான் சார்" என்று சொல்லி, ஆப்பில் இருந்த கருத்துகளைத் திரையில் காட்டினேன். முதல் இரண்டும், பாஷையைக் கழுவச் சொன்னதும் செத்துத் தொலையச் சொன்னதும், 'நேர்மையான வாசகன்' பெயரில் இருந்தன; எழுதியவருக்கே மறந்துபோயிருந்தன. மூன்றாவதைக் காட்டவில்லை.

அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். "முதல் இரண்டும் நான் எழுதியதுதான். அந்த மூன்றாவது நான் இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "இன்னா சார், ரெண்ட எய்தினவருக்கு மூணாவது கசக்குதா?" என்று கேட்க, ஹாலே சிரித்தது. அந்த மூன்றாவதுக்காகத்தான் அவரை அன்றைக்கே தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

அவர் சொன்னது உண்மை, நைனா.

பாக்கியம் அம்மாதான் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அம்மா அந்த ரோட்டில் லாரிக்கு அடியில் போனதை என் கையாலேயே தட்டச் சொன்னாய். வேண்டாம் என்று எத்தனை முறை அழுதேன்? நீ கேட்கவில்லை. அதனால்தான் வேறொரு பெயரில் அந்த வரியை எழுதினேன். நானே அதை உனக்குப் படித்தும் காட்டினேன். நீ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "போதும் கண்ணு, நிறுத்திக்கலாம்" என்றாய். அதற்குப் பிறகு நீ கதையே சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தெரிந்துதான் அப்படிச் சொன்னாயா?

அந்த வரியை அவர் தலையில் கட்டிவிட்டால் என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

கருணாகரன் சாரை நான் மன்னிக்கவில்லை. அவருடைய இரண்டு வரிகளும் இனி அவர் பெயரோடு கேமில் இருக்கும். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில், அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. கேமில் மூன்றாவது சீட்டுக்குக் கீழே என் பெயரைப் போடுவேன். ஆடுகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக் காறித் துப்பட்டும்.

உன்னைப் பாதிக் கதையில் நிறுத்திய
உன் மவ, மலரு