விட்டுப்போன வாரம்

திருவண்ணாமலை
ஐப்பசி மாதம், 1983

சிரஞ்சீவி சுப்பிரமணிக்கு உன் அப்பா முருகையன் சொல்லச் சொல்ல சக்கரபாணி எழுதுவது. அண்ணாமலையார் தயவுல நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கிறோம், அங்கே நீயும் பாஞ்சாலையும் குழந்தை கஸ்தூரியும் அப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிறோம். கீழ்பென்னாத்தூர் கொல்லையில மல்லாட்டை பிடுங்கியாச்சு, ஈரத்துல கடலை கொஞ்சம் முளை கட்டிப்போச்சு, மத்தது பழுதில்லை. தீபம் வரப்போகுதுன்னு ஊர் இப்பவே நெரிசலா இருக்குது, லாட்ஜுல இடமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி, ஆனாலும் மலை சுத்தாம இருக்கமாட்டேன்னு நிக்கிறா.

தாத்தாவுக்குப் பிடிச்ச விஞ்ஞானக் கதை எதெது, நானும் இங்க இருக்கிற தமிழ்ச் சிநேகிதிங்களும் படிக்கணும்னு கஸ்தூரி போன கடிதத்துல கேட்டிருந்தா. எழுத்து தெரியாத கிழவனைப் போய்க் கேட்டாளேன்னு சக்கரபாணி சிரிக்கிறான். அவனோட வாடகைப் புத்தகக் கடையில மத்தியானம் ஆள் வராத நேரத்துல அவன் படிப்பான் நான் கேட்பேன், படிச்சவன் மறந்துடுவான் நான் மறக்கமாட்டேன். முதல்ல, சந்திரனுக்குள்ள சுரங்கம் வெட்டிக் குடியிருக்கிற பசங்க கதையைப் படிக்கச் சொல்லு. ராக்கெட்டை எப்படிச் செஞ்சாங்கன்னு ஆரம்பம் கொஞ்சம் இழுக்கும், விட்டுடக் கூடாது, அந்தப் பொண்ணு சுவத்துல விரிசலைப் பார்த்துட்டு யார்கிட்ட சொன்னாலும் நம்பமாட்டேங்கிறாங்களே, அங்கேயிருந்து கீழே வைக்க முடியாது. அடுத்தது எதையும் மறக்காத இயந்திரத்தோட கதை. அதுல ஒரு விஞ்ஞானி, நான் செஞ்ச தப்பை மட்டும் மறந்துடுன்னு அதுகிட்ட கெஞ்சுவாரு. யோவ் முருகையா, உன்னைப் பார்த்துத்தான்யா எழுதியிருக்கான்னு சக்கரபாணி கேலி பண்ணினான். அழுகை வர்ற கதை, பதிமூணு வயசுப் பிள்ளை தாங்கும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, அதை அவளுக்கு முந்தி நீ படிக்கணும். வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதை, யாரோ கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணினது, பின்பக்கமெல்லாம் சமையல் குறிப்பும் தைல விளம்பரமுமா இருக்கும். ஒரு பெரிய ஆலை, அதைச் சுத்தி ஒரு ஊர். பொழுது சாய்ஞ்சா கசப்பா ஒரு வாடை வருது, ஜனங்க பழகிக்கிறாங்க. அப்புறம், சங்கு ஊதினா ஜனங்க பயப்படறாங்கன்னு, ஆபத்துன்னா ஊதற ஆலைச் சங்கையே நிறுத்திடறாங்க. அதோட அந்த வாரம் முடியுது. அடுத்த வாரம் பைண்டுல இல்லை, கட்டினவன் விட்டுட்டான். அதுக்கும் அடுத்த வாரத்துல பக்கத்து ஊர் தபால்காரன் கடிதக் கட்டோட வர்றான், வீடெல்லாம் திறந்து கிடக்குது, வாங்கிக்க ஆள் இல்லை. நடுவுல என்ன ஆச்சோன்னு சக்கரபாணி வேலூர் வரைக்கும் பழைய புத்தகக் கடைங்கள்ல தேடினான், கிடைக்கலை. எனக்கு அது தேவைப்படலை.

பங்குனியில வந்த உன் கடிதத்துல, விளக்கு வச்சா ஆலைப்பக்கமிருந்து தொண்டை கசக்கிற மாதிரி காத்து வருதுன்னு எழுதினே. ஆடியில பாஞ்சாலை, வாசல்ல வச்ச பப்பாளி இலை சுருண்டு பட்டுப்போச்சுன்னு எழுதினா. பப்பாளி அந்தக் கதையில இல்லை, உன் வாசல்லதான் இருக்கு. இப்ப வந்ததுல, ராத்திரி சங்கை மேலதிகாரிங்க நிறுத்திட்டாங்க, இப்பதான் நிம்மதியா தூங்கறோம்னு சந்தோஷமா எழுதியிருக்கே. சக்கரபாணி அதைச் சத்தமா படிச்சுட்டு, மறுபடி ஒருதரம் தனக்குள்ளயே படிச்சான். அதுக்கப்புறம் அவன் கேலி பண்ணலை.

கதை கேட்டுக் கேட்டு அப்பாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சும்பே. கதை கதைதான்டா, எழுதினவன் உன் ஆலையைக் கண்டானா. உன் கடிதம் கதை இல்லையே. வேலையை விடுன்னு சொல்லலை, சொன்னா நீ கேட்கவும் மாட்டே. பாஞ்சாலையையும் கஸ்தூரியையும் மட்டுமாவது அனுப்புன்னு ஆடியிலயே கேட்டேன், பரீட்சை முடியட்டும்னே. உன் அம்மாகிட்ட நான் இதையெல்லாம் சொல்லலை, பேத்தியை தீபத்துக்குக் கூட்டிவரப் போறேன்னு மட்டும் சொன்னேன், அவ முறுக்குக்கு மாவு இடிக்க உட்கார்ந்துட்டா.

ஆமாம், நானே வரேன். வர்ற வெள்ளிக்கிழமை காட்பாடியில ரயில் ஏறறேன், அந்த மூணு புத்தகத்தையும் கையோட கொண்டுவரேன். இந்தி தெரியாது, ஸ்டேஷன்ல பேர்ப் பலகை படிக்கத் தெரியாது, உங்க ஊர்ப் பேரை சக்கரபாணி அட்டையில எழுதிக் கொடுத்திருக்கான், அதைக் கண்டவங்ககிட்ட நீட்டிக் காட்டிக்கிட்டே வந்துடுவேன். வரவேண்டாம்னு பதில் போடாதே, இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் பாதி தூரம் வந்திருப்பேன். உனக்கு லீவு இல்லைன்னா நீ இரு, அவங்க ரெண்டு பேர் துணிமணியைக் கட்டி வை.

மருமகளும் பேத்தியும் நீயும் தீர்க்காயுசா இருக்கணும், உண்ணாமலை அம்மன் துணை. ஒண்ணை மட்டும் மறந்துடாதே, நான் வந்து கதவைத் தட்டற வரைக்கும் ராத்திரியில யாராவது ஒருத்தர் முழிச்சிருங்க.

இப்படிக்கு,
உன் அப்பா முருகையன்
(கைநாட்டு)