என் கை நிரப்பிய குழாய்கள்

மார்ச் 3, செவ்வாய்
ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழாயில் விடுவோம். இரண்டிலும் ஒரே அளவு வந்தால்தான் நம்பலாம். இன்று பன்னிரண்டு ஜோடியில் ஏழு ஒத்துவரவில்லை. எல்லாம் சிறுமூளை தேய்ந்து செத்தவர்களின் மூளைத் துணுக்குகள். அதில் நரம்புகள் சேதி கடத்தும் ரசாயனங்களான காபா எவ்வளவு, குளூட்டமேட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. மெஷின்மேல் பழியைப் போட்டேன். அது வாய் திறந்தா மறுக்கப் போகிறது?

மார்ச் 5
மெக்கானிக் பார்த்தார். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லையாம்.

மார்ச் 6
ஜோடிகள் ஒத்துவராததற்கு, லேப் தலைவி மேடம் உதவிக்குச் சேர்ந்த புதுப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவள் குழாய்க்கு நம்பர் மட்டும்தான் ஒட்டினாள். மாதிரியை விட்டது நான். பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றேன். சீ.

மார்ச் 9
எல்லாரும் சாப்பிடப் போனதும் வெறும் தண்ணீரை ஒரே அளவாக எடுத்து எடுத்து தராசில் வைத்தேன். பத்து தடவை, பத்து எடை. கை நடுங்குது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? நடக்க முடியாம தள்ளாடினவளை, குடிச்சிருக்கியான்னு பஸ்ல கேட்டாங்களே... இதே சிறுமூளைத் தேய்வுதான், குடும்பத்தில் இறங்கும் வியாதி. எனக்கு ஏன் இறங்காது?

மார்ச் 10
யாரிடம் சொல்வது? மூன்று வருஷம் முன்பே அக்கா சத்தியம் வாங்கிவிட்டாள்: "டெஸ்ட் கிஸ்ட்னு போகாதடி. உனக்கு இருக்குன்னா நான் தினம் தினம் செத்துடுவேன்." அவள் வீட்டுக்காரர் இதே கட்டடத்தில் ஸ்டோர் பார்க்கிறார். மேலே இருமினால் போதும், அவள் வீட்டில் கேட்டுவிடும். சொன்னால் அக்கா உடைவாள், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மார்ச் 12
புதுப் பெண்ணை நாளையோடு நிறுத்துகிறார்கள். என் மேஜைக்கு வந்து நின்றாள். "எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்கக்கா, திருத்திக்கிறேன்." வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். இதெல்லாம் ஒரு பொழைப்பா?

மார்ச் 13
மேடத்திடம் சொல்லிவிட்டேன்.
மேடம் விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். கன்னத்தைத்தான் தொட்டேன். இருபது வருஷமாக இந்த நோயைத் துணுக்காகவே பார்த்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு
அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள். இனி குழாய் அவள் கையில், எண்களைச் சரிபார்ப்பது நான்.
மாமா சொல்லி, காலையில் அக்கா வந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கியவள் சட்டென்று சுவரைப் பிடித்தாள். மறு காலுக்கும் பிடித்தாள்.
"எப்பலேர்ந்துக்கா?"
"உன்கிட்ட சத்தியம் வாங்குறதுக்கு முன்னாடியே."
இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டெஸ்ட். இரண்டு பேருக்கும் சேர்த்தே நேரம் வாங்கியிருக்கிறேன்.