நெற்றியில் 97.1

மே 22, 2025, வியாழன்

மூன்று மணிக்கு முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கான ஆன்லைன் கூட்டம். முதல் கால் மணி நேரம் 'சவுண்டு கேக்குதா' என்பதிலேயே போனது. பிறகு டாக்டரம்மா பேசியது உருப்படி. கேரளாவில் கோவிட் மறுபடி ஏறுகிறது. பெரும்பாலும் லேசானதுதான், ஆனால் வயதானவர்களிடம் கவனம் வேண்டும். அவர்களுக்கு வழக்கமான உடல் சூடே குறைவு. எல்லாருக்கும் 100 என்று ஒரே கோடு போட்டுக் காத்திருக்கக் கூடாது. அவரவர் வழக்கத்திலிருந்து இரண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல்தான். சிலருக்குக் காய்ச்சல் தெரியும் முன்பே பேச்சு தடுமாறும்.

இல்லத்தை நடத்தும் ஜெபமணி அக்கா பாதியிலேயே எழுந்துவிட்டார். இருபது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவர். "கேரளாவுலேர்ந்து லோயர் கேம்ப் தாண்டி வர்ற சளிய டாக்டர் வந்து சொல்லித்தான் தெரியணுமாக்கும்."

நான் விடவில்லை. எக்செல்லில் பதினான்கு பேருக்கும் தனித்தனி வரிசை போட்டாயிற்று. பயோமெடிக்கல் படித்ததற்கு இங்கே இதுதான் முதல் உருப்படியான வேலை.

மே 23

காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு எல்லோரும் டிபனுக்கு வருவார்கள். சாப்பாட்டு அறை வாசலில் நின்று, நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கி. பதினான்கு பேர், நான்கே நிமிடம்.

சீனிச்சாமி ஐயா வருசநாட்டுக்காரர், வயது 79. லாரி ஓட்டும் மகன் கொண்டுவந்து சேர்த்தது. "ஏலே, கிட்ட வந்து சுடு. தள்ளி நின்னு சுட்டா காட்டுப்பன்னி கூடச் சாகாது" என்றார். 97.0.

மே 26

நான்கு நாள் சராசரி தயார். பதினான்கு பேரில் ஒருவரான சுகிர்தம் டீச்சருக்குச் சந்தேகம். "அவுகளுக்கெல்லாம் 97ங்கிற. எனக்கு மட்டும் ஏன் 98.4? காய்ச்சலா?"

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி டீச்சர். ஆராய்ச்சியே சொல்லுது."

திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பொறுமை இல்லை. வந்துவிட்டேன்.

மே 29

எல்லோரும் இயல்பு. சீனிச்சாமி ஐயா 97.1.

மே 30, வெள்ளி

அக்கா போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதியம் சீனிச்சாமி ஐயா, "மாட்ட அவுத்துக் கட்டியாச்சா?" என்று கேட்டார். மாடுகளை விற்று எட்டு வருடம் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். "அவுக கையத் தொட்டேன். சுடுதுப்பா."

துப்பாக்கியை எடுத்து வந்து, அப்போதுதான் முகம் கழுவித் திருநீறு பூசியிருந்த நெற்றியில் பார்த்தேன். 98.3. அவருக்கு நான் போட்ட கோடு 99. தாண்டவில்லை.

"உங்க கை தெர்மாமீட்டர் இல்ல டீச்சர்" என்றேன்.

மே 31

காலையில் அக்கா வந்ததும் சீனிச்சாமி ஐயா கழுத்தில் கை வைத்தார். அக்குளில் சாதா தெர்மாமீட்டர் வைத்தார். 101.6. விரலில் ஆக்சிமீட்டர்: 89. கோவிட் கிட்டில் இரண்டு கோடு, தொற்று உறுதி.

108 வந்தது. தேனிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நேத்து 98.3ன்னு நான்தான் எழுதினேன். என் கையாலதான் எழுதினேன்.

ஜூன் 1, ஞாயிறு

துப்பாக்கி கெட்டுவிட்டதா? என் நெற்றியில் பத்து முறை பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது.

எக்செல்லைத் திறந்து வரிசைப்படுத்தினேன். பத்துப் பேர் 97க்குப் பக்கத்தில். நான்கு பேர் 98க்கு மேல். அந்த நான்கு பேரும் இன்று காலை சர்ச்சுக்குப் போயிருந்தார்கள்.

மதம் பார்த்தா உடம்பு சூடாகும்?

சீனிச்சாமி ஐயா கட்டிலோரம் திருநீற்றுச் சம்புடம் இருந்தது. முகம் கழுவி, அவரைப் போலவே தண்ணீரில் குழைத்துப் பட்டையாகப் பூசினேன். 96.2. துடைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். 97.9.

ஒன்பது நாளாக அந்தப் பத்துப் பேரிடம் நான் அளந்தது உடம்பை இல்லை, குளித்ததும் பூசி வரும் ஈரத் திருநீற்றை. நெற்றி சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும் என்று துப்பாக்கியோடு வந்த தாளில் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அந்தத் தாளை நான் பிரிக்கவே இல்லை.

அக்காவிடம் சொன்னேன். "திருநீத்து மேல சுடுறியேன்னு எனக்கும் தோணுச்சு தம்பி. ஆனா நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. அத அழிங்கன்னு நான் எந்த வாயால சொல்ல? வேற மாதிரி ஆயிரும்ல."

அழிக்கவே வேண்டியதில்லை. குளிக்கும் முன்னால் பார்த்திருந்தால் போதும்.

ஜூன் 4

ஐயாவுக்கு மூச்சு சீராகி ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மகன் விஜய்பாண்டி வந்திருந்தார். "சளி முத்திருச்சுன்னு சொல்லு, போதும்" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினார். என்னால் முடியவில்லை. வார்டுக்கு வெளியே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ங்கிறீகளா?"

"ஒரு நாள் முன்னாடி. ரெண்டு நாளாவும் இருக்கலாம்."

அவர் என்னைத் திட்டவில்லை. "மிசினு வச்சுப் பாக்குறாகன்னுதான இங்கன விட்டேன்" என்றார்.

ஜூன் 7

மற்ற பதின்மூன்று பேருக்கும் கிட்டில் ஒரு கோடுதான். இனிமேல் ஐந்தரை மணிக்கு, குளிக்கும் முன், அக்குளில். கூடவே புதிதாக ஒரு கட்டம்: நேற்றைக்கு இன்று என்ன மாற்றம்? ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே கேட்டேன்ல" என்றார். கேட்டார்தான்.

ஜூன் 9, திங்கள்

சீனிச்சாமி ஐயாவை வருசநாட்டுக்கே கூட்டிப் போகிறார்கள். அக்கா எவ்வளவோ பேசிப் பார்த்தார். விஜய்பாண்டி கேட்கவில்லை. மருமகள் மகாலட்சுமி பார்த்துக்கொள்வாராம். ஐயா பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், பத்தடிக்கு ஒருதரம் நிற்கிறார்.

ஒரு தெர்மாமீட்டரும், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாளும் கொடுத்தேன். விஜய்பாண்டி கை நீட்டவில்லை. மகாலட்சுமி வாங்கிக்கொண்டார். தாளில் என் நம்பர் இருக்கிறது.

ஜூன் 12

ஆன்லைன் கூட்டம். நடந்ததை அப்படியே சொன்னேன். பிறகு தேவதானப்பட்டியிலிருந்து ஒருவர், "நாங்களும் குளிச்சு வரும்போதுதான் பாக்குறோம்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

காலை 5.40. வருசநாட்டிலிருந்து போன். மகாலட்சுமி.

"97.2ன்னு காட்டுதுண்ணே."

"ராத்திரி தூங்கினாரா? பேச்சு எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குனாக. கஞ்சியில உப்பில்லன்னு என்னைய வஞ்சாக. பெறகு உங்களையும் வஞ்சாக."

"என்ன சொல்லி?"

"அதெல்லாம் போன்ல சொல்ல முடியாதுண்ணே."

எக்செல்லில் அவருடைய வரிசையை நான் இன்னும் அழிக்கவில்லை. 97.2. பேச்சு தெளிவு.