திருநீறு பட்ட வெள்ளிப் பட்டி

மொன்ட்ரியால்-நோர்
18 மார்ச் 2007

அன்பு மகன் கஜரூபனுக்கு,

ஞாயிறுதோறும் போனில் கதைக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய், குறை நினையாதே. போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்தில் இருப்பார், இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வராது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என் மனைவிதான் என்று டோர்வல் விமான நிலையத்தில் தன்னோடு பயணப் பெட்டி தூக்குகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லித் திரிகிறார், பட்டம் வாங்கியும் என் கூச்சம் போகவில்லை. எழுதினால்தான் ஒழுங்காக வருகிறது. இங்கே மூவரும் சுகம், நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போது தினமும் கேட்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. தங்கச்சி நிலக்ஷி தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், உன்னிடம் மட்டும் தமிழில் கதைப்பாள் என்பதால் போனை அவளிடமும் கொடுக்கச் சொல்லிக் கேள்.

உன் டார்லீன் தன் கையால் செய்து எனக்கு அனுப்பிய வெள்ளி இடுப்புப் பட்டியைப் பற்றி போனில் நன்றி மட்டும்தான் சொன்னேன், அது போதாது. வேலையால் வந்து தேநீரோடு அதை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். தோல் வாரில் கோத்த முட்டை வடிவத் தகடுகள், நடு எழும்பி ஓரம் பூவிதழாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலக் கல். ஒரே அச்சைத்தான் சுத்தியலால் அடித்திருக்கிறாள், ஆனாலும் ஒரு தகட்டில் ஆழமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் விழுந்திருக்கிறது. அந்த அச்சுகளையும் பழைய அரத்தைத் தீட்டித் தானே செய்கிறாள் என்று நீ சொன்னாய். மட்டக்களப்பில் என் தாலியைச் செய்த பத்தர் சுத்தியல் பட்ட அடையாளம் தெரியாமல் மினுக்கித்தான் தருவார். இவள் பின்பக்கத்தில் அதை அப்படியே விட்டிருக்கிறாள். கோடுகளுக்குள் கறுப்பேற்றி மேலே மட்டும் துலக்குவது அவர்களுடைய நவஹோ பழங்குடியின் வெள்ளி வேலை முறை, அந்தக் கறுப்பால்தான் கோலம் கண்ணுக்குத் தெரியும் என்று அவள் எழுதியனுப்பியதை வாசித்த பிறகு கறுப்பைத்தான் கூடப் பார்த்தேன்.

அவளைக் கட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில் அப்பா, குடி வம்சம் தெரியாத இடத்துப் பெண் இந்த வாசல்படி மிதித்தால் நான் வெளியே போவேன் என்றார். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை, அவரும் உன்னைக் கூப்பிடவில்லை. பட்டி வந்த அன்றும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்கெல்லோ இடுப்பில வெள்ளி கட்டுறது, உனக்கு அரைஞாண் கட்டிப் பார்க்க ஆசையாமோ உன்ட மருமகளுக்கு என்று நக்கலடித்தார். மருமகள் என்ற சொல் வாயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தத் துணிவில்தான், அவர்களுக்கும் நம்மைப் போல தாய்வழியில்தான் குடி, ஒரே குடிக்குள் கட்டமாட்டார்களாம் என்று மெல்லச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி, அப்ப மாப்பிள்ளை பொம்பிளை வீட்டதான் இருக்கிறதோ என்று கேட்டார். முன்பு அப்படித்தானாம் என்றேன். நம்மட ஆக்கள்தான் போல கிடக்கு என்று சொல்லி எழுந்து கை கழுவினார்.

போன சனிக்கிழமை பக்கத்து அஹுன்ட்சிக்கிலிருந்து இந்திராதேவி அக்கா பட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. நான் சாமான் வாங்கிக்கொண்டு வந்தால் அப்பா குசினி மேசையில் புளிக்கரைசலும் திருநீறும் பழைய பல் தூரிகையும் வைத்துக்கொண்டு, தகடுகளை வாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கோட்டுக்குள் இருந்த கறுப்பெல்லாம் போய் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. இஞ்ச பாரு புள்ள, மருமகள்ட சாமானை அழுக்கோட காட்டினா பார்க்க வாற மனிசி என்ன நினைப்பாள், எவ்வளவு ஊத்தை கிடந்தது தெரியுமா என்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அது ஊத்தையில்லை, அவள் வேண்டுமென்று ஏற்றியது என்று சொன்னதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவி, இதுக்குள்ள அவள்ட கை அப்படியே கிடக்கு, முன்பக்கத்தை நான் தெரியாமப் போய் அழிச்சுப்போட்டனே என்றார். அன்று இந்திராதேவி அக்காவுக்குப் பட்டியைக் காட்டவே விடவில்லை. அக்கா, புருசனும் பெண்சாதியும் வெள்ளியைப் பூட்டி வச்சுக்கொண்டு எனக்குத் தேத்தண்ணியை மட்டும் காட்டுறியள் என்று சொல்லிவிட்டுப் போனா.

மகன், வேலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோ, அந்தப் பாலைவன ஊர் வெயில் பொல்லாதது. இருவருக்கும் என் ஆசிகள், எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும். பாஸ்போர்ட் முடிகிற திகதியை மறக்காமல் பார்.

சொல்ல வந்ததை இவ்வளவு நேரமாகச் சொல்லவில்லை. திரும்பக் கறுப்பேற்ற டார்லீனுக்கே தபாலில் அனுப்பலாம் என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். பெட்டியளை என்ன மாதிரி எறியிறவங்கள் எண்டு எனக்கெல்லோ தெரியும், அது தபாலில போகாது, செய்தவள் வந்து செய்யட்டும் என்றார். பிறகு நிலக்ஷியின் அறையில் இரண்டு பேர் படுக்க இடம் காணுமா என்று அளந்து பார்த்தார். தானாக உன்னைக் கூப்பிட அவருக்கு வாய் வராது, அந்த விசயத்தில் அவரும் என்னைப் போலத்தான். பட்டி கெட்டுப்போனது என்று டார்லீனிடம் சொல்லி, அவளுடைய கறுப்பேற்றுகிற சாமான்களோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள்.

உன் அன்பு அம்மா,
யோகமலர்